காய்ச்சலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மருந்து

1963 அக்டோபரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. சிட்னியில் இருந்த ராயல் அலெக்சாண்ட்ரா குழந்தைகள் மருத்துவமனையின் நோயியல் நிபுணர் டக்ளஸ் ரை, கிரேம் மார்கன், ஜிம் பரால் என்ற இரு சக மருத்துவர்களோடு சேர்ந்து எழுதியது அது. 1951 முதல் 1962 வரை அந்த மருத்துவமனைக்கு வந்த 21 குழந்தைகளின் நோய் வரலாறு அதில் இருந்தது. அவர்களில் 17 பேர் இறந்துபோனார்கள். எல்லாக் குழந்தைகளின் கதையும் ஏறத்தாழ ஒன்றே. முதலில் வீட்டுக்கு வீடு வந்துபோகிற சளி, இருமல், காய்ச்சல். சில நாளில் குழந்தை தேறிவருவதுபோல் தோன்றும். அப்போதுதான் நிற்காத வாந்தி தொடங்கும். பிறகு பிதற்றல், வலிப்பு, நினைவிழப்பு. இறந்த குழந்தைகளின் உடலைச் சோதித்தபோது மூளை வீங்கியிருந்தது. ஆனால் மூளைக்காய்ச்சலில் காணும் அழற்சி இல்லை. கல்லீரல் மஞ்சள் பூத்து, அதன் உயிரணுக்களெங்கும் கொழுப்புத் துளிகள் நிறைந்திருந்தன. ஒரு கிருமி மூளையைத் தாக்கினால் கல்லீரல் ஏன் இப்படிக் கொழுப்பேற வேண்டும் என்பதே அந்த மருத்துவர்களின் கேள்வி. இது இதுவரை பெயரிடப்படாத ஒரு தனி நோய் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜார்ஜ் ஜான்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், இன்ஃபுளூயன்சா பி பரவிய நேரத்தில் இதேபோல் மடிந்த 16 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். இரண்டு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாத மருத்துவர்கள் ஒரே துயரத்தைப் பதிவு செய்திருந்தார்கள். நோய்க்கு ‘ரை’ என்ற பெயர் நிலைத்தது. காரணம் மட்டும் புலப்படவில்லை.

காரணங்களில் முதன்மையான ஒன்று ஆஸ்பிரின் என்று உறுதிப்பட இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்த இருபதாண்டில் இரண்டு காலக்கட்டங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1963 முதல் 1980 வரையிலான தாமதத்தை அறியாமையின் தாமதம் எனலாம். நோயாளியின் கட்டிலருகே எவ்வளவு கூர்மையான மருத்துவர் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காணப் புதிய பார்வை தேவைப்பட்டது. 1982 முதல் 1986 வரையிலான தாமதம் வேறு வகை. போதிய சான்று கையில் இருந்தும், ‘இன்னும் நிச்சயமாகவில்லை’ என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு எச்சரிக்கையைத் தள்ளிப்போட்ட தாமதம் அது. முதலாவதை மன்னிக்கலாம், இரண்டாவதை மன்னிக்க முடியாது என்பதே இந்த வரலாற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றும் முடிவு. ‘நிச்சயம் வரட்டும், பிறகு சொல்வோம்’ என்று காத்திருப்பது நடுநிலை ஆகாது. அதுவும் ஒரு முடிவுதான். அதன் விளைவைக் குழந்தைகள் சுமக்கிறார்கள்.

முதலில் ஆஸ்பிரின் எப்படி எல்லா வீட்டுக்குள்ளும் வந்தது என்று பார்க்க வேண்டும். 1897இல் ஜெர்மனியின் எல்பர்ஃபெல்டில் பாயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபீலிக்ஸ் ஹாஃப்மன் தூய்மையான வடிவில் தயாரித்த மருந்து அது. 1899இல் ஆஸ்பிரின் என்ற வணிகப் பெயர் பெற்றது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பொருள்கள் தடைபட்டபோது மெல்போர்னில் ஜார்ஜ் நிக்கலஸ் என்ற மருந்துக் கடைக்காரர் 1915இல் அதைத் தாமே தயாரிக்கக் கற்றுக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததே ‘ஆஸ்ப்ரோ’. தலைவலி, உடம்புவலி, காய்ச்சல் என்றாலே நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் கேட்டு வாங்கிய ஆஸ்ப்ரோவும் அந்த ஆஸ்திரேலிய மாத்திரைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நிறுவனங்கள் குழந்தைகளுக்கென்றே இனிப்பும் ஆரஞ்சு வாசனையும் சேர்த்த சிறு மாத்திரைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஒவ்வொன்றிலும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின். குழந்தைகள் அதை மிட்டாய் என்று எண்ணி, புட்டியோடு எடுத்துத் தின்றார்கள். 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் குழந்தைகள் நஞ்சுண்டு மருத்துவமனைக்கு வந்ததற்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று ஆஸ்பிரின். அதனால் ஒரு புட்டிக்கு 36 மாத்திரைக்கு மேல் வைப்பதில்லை என்று உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1970இல் நச்சுத் தடுப்பு உறைச் சட்டம் இயற்றப்பட்டது. 1972இல் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி ஆஸ்பிரின் புட்டிகளுக்குக் கட்டாயமாயிற்று.

இந்த விவரம் முக்கியமானது. ஆஸ்பிரின் குழந்தைகளைக் கொல்லக்கூடியது என்பது அன்று யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. ஆனால் ஆபத்து என்றால் அளவு மீறுவதுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழிக்குள் அடங்கிய ஆபத்தாக அதை வைத்திருந்தார்கள். தாய் சரியான அளவில், சரியான நேரத்தில், டப்பாவில் போட்டிருக்கிறபடி கொடுத்த மாத்திரை தீங்கு செய்யும் என்ற எண்ணம் எழவே இடமில்லை. ரை நோயில் வரும் வாந்தியும் மூச்சிரைப்பும் ஆஸ்பிரின் நச்சுக்கும் உரியவை. ஆகவே சில மருத்துவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் அது நச்சு அளவை எட்டியிருக்காது. அத்தோடு மருந்து குற்றமற்றது என்று விட்டுவிட்டார்கள். ரையின் கட்டுரைக்கு ஓராண்டு முன்பே, 1962இல், எட்வர்ட் மார்டிமரும் மார்தா லெப்போவும் சின்னம்மை கண்ட குழந்தைகளின் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கியதைப் பதிவு செய்து, சாலிசிலேட் மருந்துகள் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். சாலிசிலேட் என்பது ஆஸ்பிரின் சார்ந்த மருந்துக் குடும்பம். அந்தக் குறிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்பவர்கள் மருத்துவர்களின் அலட்சியத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அது நியாயமல்ல. காய்ச்சல் கண்ட குழந்தைகளில் பெரும்பாலானோர் ஆஸ்பிரின் தின்றார்கள். அவர்களில் லட்சக்கணக்கானோர் நலமாக எழுந்து பள்ளிக்குப் போனார்கள். ரை நோயால் வந்த ஒரு குழந்தை ஆஸ்பிரின் தின்றிருந்தது என்பதில் மருத்துவருக்கு என்ன புதுமை? அந்தக் குழந்தை பால் குடித்திருந்தது, ரொட்டி தின்றிருந்தது என்பதுபோலத்தான் அதுவும். மேலும் நோய் அரிது. ஒரு குழந்தை மருத்துவர் தம் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை பார்த்தால் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, நோய்க்கு ஏற்கெனவே ஒரு விளக்கம் கண்முன் நின்றது: இன்ஃபுளூயன்சா, சின்னம்மை. கிருமி வந்தது, குழந்தை சாய்ந்தது. நடுவில் வாய்க்குள் போன மாத்திரையை யார் கணக்கில் எடுப்பார்கள்? குழந்தைகளின் தொற்றுநோயில் மருந்தின் பக்கவிளைவு இப்படித்தான் மறைகிறது. நோய்க்கு மருந்து கொடுக்கிறோம்; மருந்தின் தீமை நோயின் தீமையாகவே தெரிகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க, நோயுற்ற குழந்தையை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. அதே காய்ச்சல் வந்தும் நோயுறாத குழந்தையைத் தேடிப் போக வேண்டும்.

அப்படித் தேடிப் போனவர் கேரன் ஸ்டார்கோ. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அரிசோனா மாநில சுகாதாரத் துறைக்கு அனுப்பியிருந்த இளம் நோய்ப்பரவல் ஆய்வாளர் அவர். 1978 டிசம்பரில் அரிசோனாவில் இன்ஃபுளூயன்சா ஏ பரவியபோது ஏழு குழந்தைகளுக்கு ரை நோய் கண்டது. ஸ்டார்கோ அந்த ஏழு பேரோடு நிறுத்தவில்லை. அவர்களுடைய வகுப்புத் தோழர்களில், அதே நாட்களில் அதே காய்ச்சல் வந்து குணமான 16 பேரையும் தேடிப் பிடித்தார். இரண்டு தரப்புப் பெற்றோரிடமும், காய்ச்சலின்போது குழந்தைக்கு என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று ஒரே கேள்விகளைக் கேட்டார். ரை நோய் வந்த ஏழு பேரும் சாலிசிலேட் மருந்து தின்றிருந்தார்கள். வராத 16 பேரில் எட்டுப் பேர்தான் தின்றிருந்தார்கள். நோயாளிகள் உட்கொண்ட அளவும் அதிகம்; அளவு கூடக் கூட நோயின் கடுமையும் கூடியிருந்தது. 1980இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான இந்த ஆய்வு அளவில் மிகச் சிறியது. மொத்தம் 23 குழந்தைகள். ஆனால் பதினேழு ஆண்டுகளாக விடை தெரியாமல் கிடந்த கேள்வியின் வாசலை அந்த 23 பேரின் கணக்குதான் திறந்தது. நோயுறாத வகுப்புத் தோழன் இந்த ஆய்வில் ஒரு துணைப்பாத்திரம் அல்ல, அவன்தான் முதன்மைச் சாட்சி.

சிறிய ஆய்வு என்பதால் யாரும் உடனே நம்பிவிடவில்லை, நம்பாததும் சரியே. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். மிச்சிகனில் ரானல்ட் வால்ட்மனும் சக ஆய்வாளர்களும் அடுத்தடுத்த இரண்டு குளிர்காலங்களில் செய்த ஆய்வு 1982இல் வெளியாயிற்று. முதல் குளிர்காலத்தில் 25 நோயாளிகளில் 24 பேர் ஆஸ்பிரின் தின்றிருந்தார்கள். ஒப்பிடப்பட்ட 46 பேரில் 34 பேர். இரண்டாம் குளிர்காலத்தில் 12 நோயாளிகளில் 12 பேரும். ஒப்பிடப்பட்ட 29 பேரில் 13 பேர் மட்டும். ஓஹையோவில் 97 நோயாளிகளையும் 156 பிறரையும் வைத்துச் செய்த ஆய்விலும் விகிதம் முறையே 97 சதவீதமும் 71 சதவீதமும். மிச்சிகனில் பாரசிட்டமாலின் கணக்கு நேர்மாறாக இருந்தது. நோயாளிகளைவிட நோயுறாதவர்களே அதைக் கூடுதலாக எடுத்திருந்தார்கள். காய்ச்சல் மருந்து எதுவானாலும் ஆபத்து என்றிருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது. மூன்று மாநிலங்கள், வெவ்வேறு ஆய்வாளர்கள், வெவ்வேறு குளிர்காலங்கள். விரல் ஒரே மாத்திரையைச் சுட்டியது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1982 பிப்ரவரியில் மருத்துவர்களையும் பெற்றோர்களையும் எச்சரித்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதெமியின் தொற்றுநோய்க் குழுவும் அவ்வாண்டு ஜூனில், சின்னம்மையிலும் ஃப்ளூ காய்ச்சலிலும் ஆஸ்பிரினைத் தவிர்க்கும்படி எழுதியது. அதே ஜூன் மாதம் சுகாதாரத் துறைச் செயலர் ரிச்சர்ட் ஷ்வைக்கர், ஆஸ்பிரின் டப்பாக்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிடப்படும் என்று அறிவித்தார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஆஸ்பிரின் உற்பத்தியாளர்களின் அமைப்பும் அவர்கள் அமர்த்திய நிபுணர்களும் ஆய்வுகளில் குறை இருப்பதாக வாதிட்டார்கள். வெள்ளை மாளிகையின் வரவுசெலவு மேலாண்மை அலுவலகம், அரசின் புதிய விதிகளைக் குறைக்கும் பணியில் இருந்தது. அது உற்பத்தியாளர்களின் முறையீட்டைக் கேட்டது. குழந்தை மருத்துவர் அகாதெமியும் தயங்கி, இன்னும் ஆய்வு தேவை என்று கருத்து மாற்றிக்கொண்டது. 1982 நவம்பரில் ஷ்வைக்கர் எச்சரிக்கை வாசகத் திட்டத்தைக் கைவிட்டு, அரசே ஒரு புதிய ஆய்வை நடத்தும் என்றார். பப்ளிக் சிட்டிசன் அமைப்பின் நலவாழ்வு ஆய்வுக் குழு, சிட்னி வூல்ஃப் தலைமையில் வழக்குத் தொடுத்தது. 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இவ்வளவு தாமதம் நியாயம்தானா என்று கேட்டு வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அரசின் முன்னோடி ஆய்வு முடிந்ததும், 1985 ஜனவரியில் அடுத்த செயலர் மார்கரெட் ஹெக்லர் நிறுவனங்களைத் தாமாக எச்சரிக்கை அச்சிடும்படி கேட்டுக்கொண்டார். கட்டாய விதி 1986இல்தான் வந்தது. முதல் அறிவிப்புக்கும் கட்டாய விதிக்கும் இடையே நான்கு குளிர்காலங்கள் போயின.

உற்பத்தியாளர்களின் எதிர்வாதங்களை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. அவற்றில் சில உண்மையிலேயே கேட்கத்தக்கவை. பெரும் துயரத்துக்கு ஆளான பெற்றோர் குழந்தைக்குக் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையையும் நினைவுகூர்வார்கள், குணமான குழந்தையின் பெற்றோர் மறந்திருப்பார்கள் என்பது ஒன்று. காய்ச்சல் கடுமையாக இருந்த குழந்தைகளுக்கே ஆஸ்பிரின் அதிகம் கொடுத்திருப்பார்கள், ஆகவே மாத்திரை கடுமையின் அடையாளமே தவிரக் காரணம் அல்ல என்பது இரண்டாவது. ரை நோயின் முதல் வாந்திக்கே ஆஸ்பிரின் கொடுத்திருக்கலாம், அப்படியானால் நோய் மாத்திரையை வரவழைத்ததே தவிர மாத்திரை நோயை அல்ல என்பது மூன்றாவது. நான்காவது, நோயைச் சரியாகக் கண்டறிந்தார்களா என்பது. இவை எல்லாம் ஆராய்ச்சியாளர்களே தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டிய கேள்விகள். அரசின் ஆய்வு அவற்றை முன்னால் வைத்துக்கொண்டுதான் திட்டமிடப்பட்டது. ஒப்பிடுவதற்கு நான்கு வகைக் குழந்தைகளைச் சேர்த்தார்கள்: அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள், அதே பள்ளியில் படித்தவர்கள், தொலைபேசி எண்களை நிரலின்றி அழைத்துக் கண்டுபிடித்த பொதுக் குடும்பத்தினர். மருத்துவமனைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாயும் கொடுத்த மருந்தை நினைவில் வைத்திருப்பாள் அல்லவா? அவளோடு ஒப்பிட்டாலும் வேறுபாடு நின்றது. மூளை பாதிப்பு தொடங்கும் முன் கொடுத்த மருந்து மட்டுமே கணக்கில் வந்தது. நோயா இல்லையா என்பதை ஒரு நிபுணர் குழு உறுதி செய்தது.

முன்னோடி ஆய்வின் முடிவு: 30 நோயாளிகளில் 28 பேர், அதாவது 93 சதவீதம், சாலிசிலேட் எடுத்தவர்கள், ஒப்பிடப்பட்ட 145 பேரில் 46 சதவீதம் மட்டும். 1987இல் வெளியான முதன்மை ஆய்வில் 27 நோயாளிகளில் 96 சதவீதம். ஒப்பிடப்பட்ட 140 பேரில் 38 சதவீதம். ஆபத்தின் விகிதம் ஏறத்தாழ 40 மடங்கு. மருத்துவப் புள்ளியியலில் இவ்வளவு பெரிய எண் அபூர்வம். நினைவுப் பிழையாலோ காய்ச்சலின் கடுமையாலோ நாற்பது மடங்கு வேறுபாட்டை விளக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அரசின் ஆய்வு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்டார்கோவும் மிச்சிகனும் ஓஹையோவும் சொன்னதையே துல்லியமாகத் திருப்பிச் சொன்னது. அதைத் திருப்பிச் சொல்லவைக்க ஆன ஆண்டுகளில், டப்பாவின் மேல் ஒரு வரி அச்சிட்டிருந்தால் யாருக்கு என்ன நட்டம் வந்திருக்கும்? காய்ச்சலைத் தணிக்க அன்றே பாரசிட்டமால் இருந்தது. எச்சரிக்கை தவறு என்று பின்னால் தெரிந்திருந்தால் சில நிறுவனங்களின் விற்பனை சில காலம் குறைந்திருக்கும், வேறொன்றும் இல்லை. எச்சரிக்கை சரி என்று பின்னால் தெரிந்தபோது கணக்கில் இருந்தவை உயிர்கள். இரண்டு தவறுகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. எடை சமமல்லாத இடத்தில் இரண்டுக்கும் ஒரே அளவு நிச்சயத்தைக் கோருவது நேர்மை ஆகாது.

எச்சரிக்கைக்குப் பின் நடந்ததே மிக வலுவான சான்று. அமெரிக்காவில் 1980இல் பதிவான ரை நோயாளிகள் 555 பேர். செய்தித்தாள்களும் மருத்துவர்களும் பேசத் தொடங்கியதிலிருந்தே எண்ணிக்கை இறங்கியது. 1987க்குப் பிறகு எந்த ஆண்டிலும் 36ஐத் தாண்டவில்லை. 1994க்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்று இரண்டு என்ற நிலைக்கு வந்தது. 1980 டிசம்பர் முதல் 1997 நவம்பர் வரை பதிவான 1,207 பேரைத் திரும்பிப் பார்த்த ஆய்வு 1999இல் வெளியாயிற்று. ரத்தச் சோதனை செய்யப்பட்டவர்களில் 82 சதவீதத்தினரிடம் சாலிசிலேட் இருந்தது. நோயுற்றவர்களில் 31 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். எச்சரிக்கை அச்சாவதற்கு முன்பே எண்ணிக்கை குறையத் தொடங்கிவிட்டதே, அப்படியானால் எச்சரிக்கைக்கும் குறைவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்டார்கள். டப்பாவில் அச்சாவதற்கு முன்பே செய்தி வீடுகளை எட்டிவிட்டது, குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதும் குறைந்துவிட்டது என்பதே பதில். முதலில் குறைந்தது பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே. அவர்களுக்கு மாத்திரை கொடுப்பது பெற்றோர். தாமாக அலமாரியைத் திறந்து மாத்திரை எடுத்துக்கொள்ளும் பதின்வயதினரிடையே அது தாமதமாகத்தான் குறைந்தது. சின்னம்மைத் தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1995இல். அதற்குள் நோய் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இன்ஃபுளூயன்சாவோ ஒவ்வொரு குளிர்காலமும் வந்துகொண்டுதான் இருந்தது. கிருமிகள் அப்படியே இருக்க, நோய் மட்டும் போனது.

இதற்குப் பிறகும் ஓர் எதிர்ப்பு எஞ்சியது; அதுதான் எல்லாவற்றிலும் கனமானது. ஜேம்ஸ் ஓர்லோவ்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1987இலிருந்து ரை பணியாற்றிய ஊருக்கே போய்ப் பழைய பதிவுகளைப் புரட்டினார். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுக்குப் பாரசிட்டமால் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே பரவியிருந்தது; ரை நோயாளிகளில் ஆஸ்பிரின் எடுத்தவர்கள் மிகக் குறைவு. ஆஸ்பிரின் காரணம் என்றால் இது எப்படி என்று அவர் கேட்டார். இதே காலத்தில் இன்னொரு கண்டுபிடிப்பும் வந்தது. கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் வேதிவினையில் பிறவியிலேயே குறையுள்ள குழந்தைகள் உண்டு. நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கும் நொதி இல்லாத நிலை 1980களின் தொடக்கத்தில் தெளிவாக விளக்கப்பட்டது. இந்தக் குழந்தைகள் காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை இறங்கி, கல்லீரலில் கொழுப்பேறி, நினைவிழந்து போவார்கள். பார்வைக்கு அச்சு அசலாக ரை நோய். ரை விவரித்த 21 பேரிலேயே இப்படிப்பட்டவர்கள் சிலர் இருந்திருக்கக்கூடும். பிரிட்டனில் ரை நோய் என்று பதிவானவர்களில் கைக்குழந்தைகள் மிகுதி. அவர்களிலும் பலருக்குப் பின்னர் இத்தகைய பிறவிக் குறைகள் தெரியவந்தன.

இந்த எதிர்வாதத்தில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ரை நோய்’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று வெவ்வேறு நோய்கள் இருந்தன. ஆனால் அதிலிருந்து ஆஸ்பிரின் குற்றமற்றது என்ற முடிவு வராது. பிறவிக் குறைகள் மருந்து டப்பாவில் அச்சிட்ட வரியைப் படித்துவிட்டு மறைந்துபோவதில்லை. பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் இக்குறைகளைப் பரவலாகத் தேடும் முறை வந்ததே நோய் குறைந்த பிறகுதான். அப்படியானால் 555 பேராக இருந்து ஒற்றை எண்ணுக்கு வந்தது எந்த நோய்? பள்ளி வயதுக் குழந்தைகளிடம், ஃப்ளூவுக்கும் சின்னம்மைக்கும் பின்னால், ஆஸ்பிரினைத் தொடர்ந்து வந்த அந்தப் பகுதிதான். பெல்ஃபாஸ்டின் ஜான் கிளாஸ்கோ இந்த வாதத்தைப் பொறுமையாக எடுத்து வைத்தார். பிரிட்டன் 1986 ஜூனில் 12 வயதுக்குட்பட்டோருக்கான ஆஸ்பிரினை விற்பனையிலிருந்து எடுத்தது; அதன்பின் அங்கும் எண்ணிக்கை இறங்கியது. 2002இல் அந்த வயது வரம்பை 16 ஆக உயர்த்தியது. எதிர்ப்பாளர்கள் ஒரு நன்மையும் செய்தார்கள். ரை நோய் போன்ற நிலையில் ஒரு குழந்தை வந்தால் ஆஸ்பிரினோடு பிறவிக் குறைகளையும் தேட வேண்டும் என்பது அவர்களால்தான் மருத்துவ வழக்கமாயிற்று.

உடலுக்குள் என்ன நடக்கிறது? சின்சினாட்டியில் ஜான் பார்ட்டினும் சக ஆய்வாளர்களும் 1971இல் நோயாளிகளின் கல்லீரல் துணுக்குகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, உயிரணுக்களின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாக்கள் வீங்கி உருக்குலைந்திருப்பதைக் கண்டார்கள். சாலிசிலேட் அதே உலையின் வேலையைக் குலைக்கக்கூடியது. கொழுப்பு எரிவதையும் தடுக்கிறது. வைரஸால் ஏற்கெனவே தடுமாறும் உலையின் மேல் மருந்தும் ஒரு சுமையை ஏற்றுகிறது என்பது பொதுவான விளக்கம். கல்லீரல் வேலையிழந்ததும் ரத்தத்தில் அமோனியா ஏறுகிறது, மூளை வீங்குகிறது. ஏன் சில குழந்தைகளுக்கு மட்டும் என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை. முழு விடை கிடைத்த பிறகுதான் எச்சரிக்க வேண்டும் என்று சொன்னவர்களின் வழியில் போயிருந்தால் இன்றுவரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். பெரியவர்களுக்கு மட்டும் இந்த மாத்திரை வேறொரு வாழ்வு பெற்றது: ரத்தம் உறைவதைத் தடுக்க இன்று அமெரிக்க இதய நோயாளிகள் தினமும் எடுக்கும் ஆஸ்பிரின் அதே பழைய 81 மில்லிகிராம் குழந்தை மாத்திரைதான். ஸ்டார்கோவும் தம் கேள்வியை விடவில்லை. 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் அன்றைய மருத்துவர்கள் நாளொன்றுக்கு 8 முதல் 31 கிராம் வரை ஆஸ்பிரின் பரிந்துரைத்ததைச் சுட்டி, அந்தச் சாவுகளில் ஒரு பகுதிக்கு மருந்தே காரணமாக இருக்கலாம் என்று 2009இல் எழுதினார். அது கருதுகோள்தான், நிறுவப்பட்ட முடிவு அல்ல.

இந்த ஆய்வுமுறை நம் நாட்டில் பயன்பட்ட ஓர் இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் குழந்தைகள் மழைக்காலத்துக்குப் பின் திடீரென வாந்தியும் நினைவிழப்புமாகச் சாவதை மூளைக்காய்ச்சல் என்றே பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். பிஜ்னோரின் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிருமியியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானும் கல்லீரலையும் தசையையும் கவனித்து, இது கிருமி அல்ல, ரை நோயைப் போன்ற நச்சு நிலை என்று ஐயப்பட்டார்கள். நோயுற்ற குழந்தைகளையும் நோயுறாத குழந்தைகளையும் ஒப்பிட்டபோது ஆவாரை இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியின் விதைகள் பிடிபட்டன. பசித்த குழந்தைகள் விளையாட்டாக அவற்றைத் தின்றிருந்தார்கள். அங்கே குற்றவாளி மருந்து அல்ல, செடி. ஆனால் முடிச்சு அவிழ்ந்த விதம் அரிசோனாவில் அவிழ்ந்த விதமே. மருந்துகளின் பக்கத்தில், இந்தியா 2010இல் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2011இல் நிமெசுலைடை 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடை செய்தது. கல்லீரலைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கைகள் எழுந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தத் தடை வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் தெருக்களில் மருந்துக் கடைக்காரரிடம் ‘காய்ச்சல் மாத்திரை’ என்று கேட்டு வாங்குவது இன்றும் வழக்கம். மாத்திரையின் வணிகப் பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது என்ன என்று அட்டையின் பின்புறத்தில் எழுதியிருக்கும்; ஆஸ்பிரின், அசிட்டைல்சாலிசிலிக் அமிலம் என்ற இரண்டு பெயர்களும் ஒன்றே. சின்னம்மை, ஃப்ளூ, இன்ன காய்ச்சல் என்று தெரியாத எந்தக் காய்ச்சலிலும் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்காதீர்கள். டெங்கு பருவத்தில் ரத்தக் கசிவு அபாயத்தாலும் அது கூடாது. கவாசாகி நோய் போன்ற சில நிலைகளில் மருத்துவரே குழந்தைக்கு ஆஸ்பிரின் எழுதிக் கொடுப்பார். அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது, அந்தக் குழந்தைக்கு அம்மையோ ஃப்ளூவோ கண்டால் உடனே அவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல் தணிந்த பிறகு வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், குழந்தை சோர்ந்தோ சம்பந்தமில்லாமல் பேசியோ காணப்பட்டால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். கொடுத்த எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்தால் தீங்கு நேர்ந்ததோ என்ற ஐயம் வந்தால் அதைப் பதிவு செய்யப் பெற்றோருக்கே இந்தியத் திட்டத்தில் படிவம் இருக்கிறது. நிச்சயமாகத் தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்துவிடாமல், ஐயம் எழுந்த அன்றே அதை நிரப்பி அனுப்புங்கள்.